ஒரே ஒரு நீலத் துண்டு

பனியன் துணியை வெளுப்பதில் எங்கள் குடும்பத்துக்குக் காதர்பேட்டை வரை நல்ல பெயர். அடக்கமாகச் சொல்வதென்றால், எனக்கும் கொஞ்சம் கைவந்த வேலைதான்.

1964-ல் நான் நெசவுப் பொறியியல் மாணவன். துறையின் மாணவர் தலைவர் பதவிக்கு நானும் சென்னியப்பனும் நின்றோம். எங்கள் துறையில் ஓட்டுச் சீட்டு கிடையாது, பனியன் துண்டுதான். அவனுக்கு நீலம், எனக்கு வெள்ளை. ஆளுக்கு இரண்டிலும் ஒவ்வொன்று கொடுப்பார்கள், வேண்டியதைக் குடத்தில் போடவேண்டும். யாரும் துண்டை மாற்றிவிடக் கூடாதென்று பேராசிரியர் ஒவ்வொன்றிலும் வெளுத்தாலும் போகாத சலவை மையில் குறி வைத்தார். போடாத துண்டுகளை எண்ணி வாங்கிக்கொண்டார். கெட்டிக்கார மனிதர்.

வெள்ளிக்கிழமை ஓட்டு முடிந்தது. அவர் ஒரு கல்யாணத்துக்குப் போகவேண்டியிருந்ததால், எண்ணிக்கை திங்கட்கிழமைக்குத் தள்ளிப்போனது. துண்டுகளோடு வாய் கட்டிய அந்தப் பித்தளைக் குடத்தைச் சென்னியப்பனே என்னிடம் கொடுத்தான்.

"உங்க ஊட்டுலயே இருக்கட்டுங்க. உங்க மேல எனக்கு நம்பிக்கைங்க. என்ற ஓட்டே உங்களுக்குத்தான். நமக்கு நாமே போட்டுக்கறது நல்லா இருக்காதுங்க."

வீட்டில் அவிழ்த்துப் பார்த்தேன். நீலம் முப்பத்தெட்டு, வெள்ளை எட்டு. இத்தனை பேர் பாரத்தை அவன் தலையில் ஏற்றினால் படிப்பு என்னாவது? அவன் மேல் எனக்கு உண்மையான பாசம் உண்டு. சனிக்கிழமை பிளீச்சிங் தொட்டியில் முக்கினேன், ஞாயிற்றுக்கிழமை வெயிலில் காயவைத்தேன். ஒன்றை மட்டும் நீலமாகவே விட்டேன். ஒன்றுமே இல்லையென்றால் சந்தேகம் வருமல்லவா?

திங்கட்கிழமை பேராசிரியர் பூதக்கண்ணாடி வைத்துக் குறிகளைச் சரிபார்த்தார். எல்லாம் அவர் வைத்த குறிகள். வெள்ளை நாற்பத்தைந்து, நீலம் ஒன்று.

அதன்பிறகு நடந்ததை நான் எதிர்பார்க்கவில்லை. ஒவ்வொருவனாகச் சென்னியப்பனிடம் போய், "சத்தியமா அந்த ஒண்ணு என்ற ஓட்டுங்க" என்றான். முப்பத்தேழு பேர். ஒருவனை மற்றவன் பொய்யன் என்றான். கந்தப்பனும் ஆத்தப்பனும் கட்டிப் புரண்டார்கள். சென்னியப்பன் யாரையும் நம்பவில்லை. அந்த மாதமே படிப்பை விட்டுவிட்டு நல்லூரில் தையல் மெஷினுக்கு முன்னால் உட்கார்ந்தான். இன்றுவரை பழைய சிநேகிதர் யார் போனாலும் கதவைத் திறப்பதில்லை. பாவம்.

எனக்கு மட்டும் திறப்பான். போனவாரம் உண்மையைச் சொல்லிவிட்டு வந்தேன். வெளுத்ததை அல்ல. அது பழைய கதை. நானும் மரியாதைக்கு அவனுக்கே போட்டிருந்தேன், அந்த ஒரு நீலம் என்னுடையதுதான் என்று சொன்னேன். என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதான். அத்தனை பேரில் அவனுக்குத் துரோகம் செய்யாதவன் நான் ஒருவன்தானே.