கீழ் கேட்டுக் கடிகாரம்

ஏற்காட்டில் மழைக்காலம் வந்தால் துணி காயவைப்பதுதான் பெரிய பாடு, சார். என் வீட்டுக்குப் பின்னால் இரண்டு சில்வர் ஓக் மரங்களுக்கு நடுவே நீளமாகக் கம்பி கட்டியிருக்கிறேன். அதைப் பார்க்கிற பெண்கள் ஈரப் போர்வையைப் போட்டுக்கொள்ளலாமா என்று கேட்பார்கள். கூடாது என்பேன். அது ஏரியல். எங்கள் ஊருக்கு நேரம் அதிலிருந்துதான் போய்க்கொண்டிருந்தது.

என் பெயர் மாதேஷ். சேலத்தில் ஒரு பாலிடெக்னிக்கில் எலக்ட்ரானிக்ஸ் லேப் பார்த்துக்கொண்டிருந்தேன். விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு மஞ்சக்குட்டைக்கு மேலே கொஞ்சம் மிளகுத் தோட்டத்தோடு ஒரு வீடு எடுத்துத் தனியாக இருக்கிறேன். என் தங்கை சுஜாதா ஜெர்மனியில் நர்ஸ். ஒரு விடுமுறைக்கு வந்தபோது இரண்டு சுவர்க் கடிகாரங்கள் கொண்டுவந்தாள். அந்த நாட்டில் ஒரு நிலையம் வானொலி அலையில் சரியான நேரத்தை அனுப்புகிறது. கடிகாரம் தினமும் ஒரு தடவை அதைக் கேட்டு, முட்களைத் தானே திருத்திக்கொள்ளும். புதுப் பேட்டரி போட்டாலும் உடனே கேட்கும். இந்த மலைக்கு அந்த அலை எட்டாது. பேட்டரியைப் போட்டால் முட்கள் பன்னிரண்டில் வந்து நின்று சும்மா காத்திருக்கும். யாரும் கூப்பிடாத பிள்ளை மாதிரி இருந்தது எனக்கு.

அதற்காகத்தான் அந்தப் பெட்டியைச் செய்தேன். செயற்கைக்கோளிலிருந்து நேரத்தை வாங்கி, அந்தக் கடிகாரங்களுக்குப் புரிகிற மாதிரி மாற்றி, கம்பி வழியாக அனுப்பும். அனுமதி வாங்கவில்லை. அதையும் சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள். முதல் தடவை முட்கள் தாமாகவே கிறுகிறுவென்று சுற்றி வந்து சரியான இடத்தில் நின்றபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. சாதாரணமாக நான் கலங்குகிற ஆள் இல்லை.

அடுத்த மழையில் எங்கள் ஊர்ப் பாதையில் பாதி சரிந்து பள்ளத்தில் போனது. மிச்சமிருந்ததில் ஒரு வண்டிதான் போகலாம். எதிர்ப்பட்டால் ஒதுங்க இடமில்லை. மேலே ஒரு கேட், கீழே ஒரு கேட் போட்டார்கள். ஒவ்வொரு மணியிலும் முதல் பாதி இறங்குகிற வண்டிக்கு, அடுத்த பாதி ஏறுகிற வண்டிக்கு. உள்ளே போன வண்டி வெளியே வர, ஒவ்வொரு பாதியிலும் கடைசிச் சில நிமிடம் யாரையும் விடமாட்டார்கள். அந்தச் சரிவில் செல்போன் சிக்னல் கிடையாது. டிரைவர்கள் ஆளுக்கொரு நேரம் சொல்லிச் சண்டை போட்டார்கள். அப்போதுதான் என் கடிகாரங்களைக் கொடுத்தேன். மேல் கேட்டில் ஒன்று, கீழ் கேட்டில் ஒன்று. இரண்டும் ஒரு வினாடிகூட மாறாது. அதற்குப் பிறகு யாரும் வாயைத் திறக்கவில்லை.

மாதேசு டைம் என்றே பேர் வைத்துவிட்டார்கள். கீழ் கேட்டைப் பார்த்துக்கொண்ட ஐயாக்கண்ணு, தன் மகள் மேனகாவுக்குப் பிள்ளை பிறந்த நேரத்தை ஆஸ்பத்திரிக் கடிகாரத்தை நம்பாமல் என்னிடம் சரிபார்த்துத்தான் ஜாதகம் எழுதக் கொடுத்தார். சேர்வராயன் கோயில் திருவிழாவுக்கு எங்கள் ஊரிலிருந்து கிளம்புகிற ஜீப்புகள்கூட அந்த முள்ளைப் பார்த்துத்தான் நகரும். நான் ஒரு நன்றியையும் எதிர்பார்க்கவில்லை. அவர்களாகவே சொன்னார்கள். கேட்பதற்கு நன்றாக இருந்தது.

போன ஆவணியில் எஸ்டேட்டில் கணக்கு எழுதுகிற ரைட்டர் பிரவீன் ஊர்க்கூட்டத்தில் வந்து, எஸ்டேட் செலவில் ஒயர் இழுத்து இரண்டு கேட்டிலும் சிவப்பு, பச்சை விளக்கு வைக்கப்போவதாகச் சொன்னார். ஒரு பக்கம் பச்சை எரிந்தால் மறு பக்கம் தானாகச் சிவப்பு. எல்லாரும் கை தட்டினார்கள். ஐயாக்கண்ணுவும் தட்டினார். காப்பி பறிக்கிற வீராயி என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

"அப்ப மாதேசண்ணனுக்கு இனி வேலை மிச்சமுங்க. கம்பியில நாங்க துணி காயப்போட்டுக்கலாம்."

எல்லாரும் சிரித்தார்கள். கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. நானும் சிரித்தேன்.

வீட்டுக்கு வந்து நிதானமாக யோசித்தேன். சரியான நேரம் என்பதை அவர்கள் மழை, காற்று மாதிரி தானாகக் கிடைப்பதாக நினைத்துவிட்டார்கள். ஒரு தடவை அது இல்லாமல் போனால் தெரியும். இரண்டு வண்டி முட்டிக்கொண்டு நிற்கும், டிரைவர்கள் கத்துவார்கள், யாராவது என் வீட்டுக் கதவைத் தட்டுவார்கள் என்று நினைத்தேன். அப்படி நினைத்ததாகத்தான் இத்தனை நாள் எனக்கே சொல்லிக்கொண்டேன். நான் தேர்ந்தெடுத்தது மூடுபனி இறங்குகிற மத்தியானம் என்பதையும் நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும்.

அன்று காலையில் வீராயி என் வாசலில் நின்று கூப்பிட்டாள்.

"அண்ணா, சேலத்துல கண்ணு முகாமுங்க. மத்தியானம் வசந்து ஜீப்புல போறோம். நீங்களும் வாங்க, எடமிருக்குது."

வேலை இருக்கிறது என்றேன். பெட்டியில் நேரத்தைப் பத்து நிமிடம் கூட்டி வைத்தேன். சிறிது நேரம் கழித்துத் தானாகவே சரியான நேரத்துக்குத் திரும்பும்படியும் செய்துவிட்டு, கீழ் கேட்டுக்கு நடந்து போனேன். அங்கே எரு மூட்டை ஏற்றிய லாரி ஏறுவதற்குக் காத்திருந்தது. அங்கப்பன் என்கிற டிரைவர் ஸ்டியரிங் மேல் தலை வைத்துத் தூங்கிக்கொண்டிருந்தார். நான் கடிகாரத்தை இறக்கிப் பேட்டரியைக் கழற்றினேன்.

"ஏனுங்க, இப்பத்தானே மாத்துனீங்க?" என்றார் ஐயாக்கண்ணு.

"ஈரத்துக்குச் சீக்கிரம் போயிருதுங்க."

"செரிங்க. நீங்க பாத்தாச் செரியாத்தான் இருக்கும்."

புதுப் பேட்டரி போட்டதும் முட்கள் சுற்றி வந்து, நான் கொடுத்த நேரத்தில் நின்றன. மேலே இருந்த கடிகாரத்துக்கு இது எதுவும் தெரியாது. அது கேட்கிற நேரம் அதுவல்ல. ஐயாக்கண்ணு எனக்கு டீ ஊற்றிக் கொடுத்தார். பேரப்பிள்ளைக்குப் பல் முளைத்த கதையைச் சொன்னார். பெரிய முள் ஆறைத் தொட்டதும் எழுந்து கண்ணை இடுக்கி ஒரு தடவை பார்த்துவிட்டு, பாதைக்குக் குறுக்கே கிடந்த மூங்கிலைத் தூக்கிவிட்டு லாரியைத் தட்டினார். அப்போது நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். வசந்த் ஜீப் மேல் கேட்டைத் தாண்டியிருக்கும் என்று எனக்குத் தெரியும். நான் வினாடி முள்ளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மிக ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தது.

பனியில் சத்தம் சரியாகக் கேட்காது, சார். தகரக் கூரை மேல் மரக்கிளை விழுந்த மாதிரிதான் இருந்தது. அப்புறம் பள்ளத்திலிருந்து பெண்களின் குரல் வந்தது. ஐயாக்கண்ணு செருப்பை விட்டுவிட்டு மேலே ஓடினார். நான் கடிகாரத்தை மறுபடி இறக்கிப் பேட்டரியை எடுத்துப் போட்டேன். பெட்டி அதற்குள் சரியான நேரத்துக்கு வந்திருந்தது. கடிகாரம் அதை வாங்கிக்கொள்ளச் சில நிமிடம் பிடிக்கும். முட்கள் நிற்கிறவரை நின்றேன். ஆணியில் மாட்டினேன். பிறகுதான் ஓடினேன்.

வசந்தையும் வீராயியையும் இன்னும் மூன்று பேரையும் தூக்கி மேலே கொண்டுவந்தோம். நானும் தூக்கினேன். ஊரில் கேட்டுப் பாருங்கள். வீராயிக்கு அப்போது மூச்சு இருந்தது. அடிவாரம் வரைகூட வரவில்லை.

ஐயாக்கண்ணு நேரத்துக்கு முன்னால் கேட்டைத் திறந்துவிட்டார் என்று அங்கப்பன் சொன்னார். எல்லாரும் போய்ப் பார்த்தபோது கீழ் கேட்டுக் கடிகாரம் சரியாக ஓடிக்கொண்டிருந்தது. ஐயாக்கண்ணு மறுக்கவில்லை. உங்கள் போலீஸ் ஜீப்பில் ஏற்றுகிறபோது என்னைப் பார்த்து அவர் சொன்னது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

"கடியாரம் தப்பாது சாமி. எங்கண்ணுதான் பொய் சொல்லிருச்சு. அஞ்சு உசுரக் கொன்னுபோட்டேன்."

அவர் உள்ளே இருந்தபோது அவர் மனைவி சின்னத்தாயிக்கு அரிசி வாங்கிக் கொடுத்தேன். எனக்குத் தூக்கம் கெடவில்லை. விளக்கு வைக்கும் பேச்சும் அப்படியே நின்றுபோயிருந்தது. கேட்டுக்கு ஆள்தான் சரியில்லை, கடிகாரம் சரியாகத்தான் இருக்கிறது என்று ஊரில் பேசிக்கொண்டார்கள்.

பிறகு வெளியூரிலிருந்து ஒரு பொறியாளரை அழைத்துவந்தீர்கள். அவர் என் பெட்டியைத் திறந்து பார்த்தார், மூடினார். இந்த மாதிரி வீட்டில் செய்த சாமான் ஈரத்துக்குத் தாறுமாறாக நேரம் காட்டும், தானாகவே திரும்பவும் சரியாகும், இதில் யார் மேலும் தப்பு சொல்ல முடியாது என்றார். ஐயாக்கண்ணுவை விட்டுவிட்டார்கள். நேற்றுச் சாயங்காலம் ஊரே அவர் வீட்டு முன்னால் கூடியிருந்தது. அவர் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். சின்னத்தாயி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நீங்க மனசுல வெச்சுக்காதீங்க. நொம்ப நல்லதுக்குத்தானே செஞ்சீங்க. பாழாப்போன மிசினு, அது கெட்டுப்போச்சுன்னா நீங்க என்ன பண்ணுவீங்க?"

சுற்றி நின்றவர்கள் எல்லாரும் ஆமாம் என்று தலையாட்டினார்கள். எல்லாருக்கும் மனசு ஆறிப்போயிருந்தது, சார். நான் பேசாமல் இருந்திருந்தால் அதோடு முடிந்திருக்கும். என்னால் முடியவில்லை. விடிந்ததும் முதல் பஸ் பிடித்து உங்கள் ஸ்டேஷனுக்கு வந்துவிட்டேன்.

அந்த ஐந்து பேரைக் கொன்றது நான். அதற்கு எந்தத் தண்டனை கொடுத்தாலும் சரி. ஆனால் அந்தப் பொறியாளர் சொன்னதை மட்டும் தயவுசெய்து அடித்துவிடுங்கள். என் பெட்டி கெட்டுப்போகவில்லை. நான் சொல்லிக் கொடுத்த தப்பான நேரத்தை, ஒரு வினாடி பிசகாமல் காட்டியது.