இடப்பக்கம் திரும்பும்போது மட்டும்

எனக்குச் சட்டென்று கோபம் வராது. என் மனைவியைக் கேட்டாலும் இதையேதான் சொல்வாள். காருக்கு சப்வூஃபர் பெட்டி, அதாவது பாட்டை அதிரவைக்கும் ஸ்பீக்கர் பெட்டி, செய்வது என் தொழில். டிக்கியை அளந்து, பலகை அறுத்து, ஒரு பொட்டுக் காற்றுகூடக் கசியாமல் ஒட்ட வேண்டும். ஆத்திரக்காரனுக்கு இந்த வேலை படியாது.

என் சகலை, அதாவது மனைவியின் அக்கா கணவர், ஆசை ஆசையாய் ஒரு கார் வாங்கினார். மாமனார் வீட்டில் எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, "சகல, நாலு பலகைய ஒட்டறதுதானே, சும்மா இருக்கறப்ப நம்ம வண்டிக்கும் ஒண்ணு தட்டிக் கொடுங்க" என்றார். மாமனாருக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறிவிட்டது. அப்போது மணி ஒன்று இருபது. நான் அதையெல்லாம் மனதில் வைத்துக்கொள்ளவில்லை.

குறை சொல்ல முடியாத பெட்டியாகத்தான் செய்தேன். அடிப்பலகையை மட்டும் இரட்டையாகப் போட்டு, நடுவில் குறுக்காக நீளப் பள்ளமாய் ஒரு காடி எடுத்து, அதற்குள் ஒரு சைக்கிள் பால்ரஸ் குண்டை வைத்தேன். காடியின் இடது முனையில் பஞ்சு, வலது முனையில் வெறும் பலகை. கார் இடப்பக்கம் திரும்பினால் குண்டு வலப்பக்கம் ஓடி 'டொக்' என்று முட்டும். வலப்பக்கம் திரும்பினால் சத்தமில்லாமல் பஞ்சில் போய்ப் படுத்துக்கொள்ளும். நிற்கிற வண்டியில் எந்த மெக்கானிக்காலும் அதைக் கண்டுபிடிக்க முடியாது.

மூன்றாம் நாள் போன் வந்தது.

"சகல, எங்கயோ டொக்குங்குது."

"பெட்டியிலயா?"

"சேச்சே, பாட்டு போடாதப்பவும் கேக்குதே. கதவுலதான்."

நாலு கதவையும் கழற்றினார். பிறகு சீட்டுகளை, பிறகு சக்கரங்களை. நானும் கூடவே இருந்து திருகாணி எடுத்துக் கொடுத்தேன். வளையல் சத்தமோ என்று பெண்டாட்டியைச் சந்தேகப்பட்டார். அந்த அம்மாள் அன்றிலிருந்து பஸ்ஸில் போனார். கடைசியில் சகலை இடப்பக்கமே திரும்பாமல் ஆபீஸ் போக ஒரு வழி கண்டுபிடித்தார். நாற்பது நிமிடம் கூடுதல். ஆள் பாதியாகிவிட்டார். ஒருநாள் காரையே விற்றுவிட்டு என் பட்டறையில் உட்கார்ந்து அழுதார். எனக்கும் கஷ்டமாகத்தான் இருந்தது. கார் கைமாறுவதற்கு முன்பே பெட்டியை நானே கழற்றி எடுத்து வைத்திருந்தேன்.

போன வாரம் வேறு கார் வாங்கி வந்தார். "அந்த வண்டியில ஒழுங்கா இருந்தது உங்க பெட்டி ஒண்ணுதான் சகல. அதையே இதுலயும் மாட்டிடுங்க. அன்னைக்கு நாலு பலகைன்னு வாய் தவறிச் சொல்லிட்டேன், மன்னிச்சிடுங்க" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார்.

மன்னிப்பே கேட்டுவிட்ட மனிதரிடம் இனி என்ன இருக்கிறது? அவரை உட்காரவைத்து டீ வாங்கிக் கொடுத்தேன். குண்டை எடுத்துவிடலாம் என்றுதான் உள்ளே போய் அடிப்பலகையைப் பெயர்த்தேன். அப்போது பட்டறைக் கடிகாரத்தில் மணி ஒன்று இருபது.

குண்டை அப்படியே விட்டேன். பஞ்சை மட்டும் எடுத்துவிட்டேன்.