ஈரக் கரிசலில் மான் ஓடாது

மழை பிடித்துவிட்டால் என் கடையில் மிளகும் சுக்கும்தான் அதிகம் போகும். துறைமுகத்துக்குப் போகிற லாரிக்காரர்கள் வண்டியை ஓரங்கட்டிவிட்டு, கசாயத்துக்கு ஏதாவது கொடுங்க அண்ணாச்சி என்று வந்து நிற்பார்கள். நான் இடித்துப் பொட்டலம் கட்டிக் கொடுப்பேன். வேறு கடையில் முழு மிளகை அள்ளிக் கொடுத்து அனுப்பிவிடுவார்கள். லாரியில் கிடப்பவன் அம்மிக்கு எங்கே போவான்? இப்படி ஒவ்வொன்றையும் யோசித்துச் செய்கிறவன் நான், சார். சிவனணைந்தபெருமாள் கடை எப்படி என்று யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள்.

மான் விஷயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். வேட்டையாடினோம், மறைக்க ஒன்றுமில்லை. நானும் என் தங்கை செல்வலட்சுமியின் வீட்டுக்காரர் செந்தூர்வேலும். வேம்பாருக்கு மேற்கே எங்களுக்குக் கொஞ்சம் கரிசல் நிலம் உண்டு. உளுந்து போட்டால் மான் வந்து மேய்ந்துவிடும். ஐப்பசி, கார்த்திகையில் நல்ல மழை விழுந்து நிலம் ஊறியதும் போவோம். துப்பாக்கி கிடையாது, நாய் கிடையாது. அதெல்லாம் வேட்டை தெரியாதவனுக்கு.

ஈரக் கரிசலில் மானால் ஓட முடியாது. குளம்பில் மண் அப்பும், அப்பின மண்ணின் மேல் இன்னும் மண் அப்பும், கொஞ்ச தூரத்துக்குள் நாலு காலிலும் நாலு உருண்டையைக் கட்டிவிட்ட மாதிரி ஆகிவிடும். மனிதனுக்கும் அதே கதிதான், ஆனால் மனிதனுக்குக் கை இருக்கிறது. செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு, பனைமட்டைத் துண்டு ஒன்றை எடுத்துக்கொள்ள வேண்டும். கொஞ்சம் நடந்ததும் நின்று, காலை வழித்துப் போட்டுவிட்டு, மறுபடி நடக்க வேண்டும். ஓடவே கூடாது. மானுக்கும் வண்டிப்பாதைக்கும் நடுவில் நாம் இருந்தால் போதும். கெட்டித்தரையில் ஏறவிட்டால் அது நம் கையில் இல்லை. நடுக்கரிசலிலேயே அலையவிட்டால் அதுவாக ஓர் இடத்தில் நின்றுவிடும். மூச்சு வாங்கிக்கொண்டு நம்மையே பார்க்கும். அதற்குப் பிறகு சிரமமில்லை.

செந்தூர்வேல் மாப்பிள்ளைக்கு வெட்டுவதைப் பார்க்கப் பிடிக்காது. முகத்தைத் திருப்பிக்கொள்வார். இலையில் கறி விழும்போது மட்டும் திருப்பிக்கொள்ள மாட்டார் என்று நான் அவரைக் கேலி செய்வதுண்டு, அவரும் சிரிப்பார். சரக்கு கிளியரிங் ஆபீசில் வேலை, தங்கமான மனிதர். சொந்தத் தம்பி இருந்தால்கூட அவன்மேல் இவ்வளவு பிரியம் வைத்திருப்பேனா தெரியாது. போன வருஷம் திருநெல்வேலியில் அவருக்கு நெஞ்சில் ஸ்டென்ட் வைத்தபோது ஆஸ்பத்திரி வராந்தாவில் துண்டை விரித்துப் படுத்துக் கிடந்தவன் நான்தான். வேகமாக நடக்கக் கூடாது, பதற்றப்படக் கூடாது என்று டாக்டர் சொன்னதை அவர் காதில் வாங்கினாரோ இல்லையோ, நான் கவனமாகக் கேட்டுக்கொண்டேன்.

வினை அவருடைய சாப்பாட்டுத் தூக்கில் வந்தது. வறுத்த கறியை ஆபீசுக்குக் கொண்டுபோய், என்ன கறி என்று பெருமையாகவும் சொல்லியிருக்கிறார். யாரோ வனத்துறைக்குத் தகவல் கொடுத்துவிட்டார்கள். விசாரணைக்கு வரச் சொல்லி அவருக்கு போன் வந்தது. அன்று சாயங்காலமே என் கடைக்கு வந்து, ஆள் இல்லாத நேரம் பார்த்து உட்கார்ந்தார்.

"என்னால பொய் சொல்ல முடியாது மச்சான். நாளைக்குப் போயி எல்லாத்தையும் சொல்லிருதேன். நீங்களும் வந்துருங்க. ரெண்டு பேருமாப் போனா எனக்கும் தெம்பா இருக்கும்."

உமாராணி கல்யாணம் முடியட்டும் என்றேன். உமாராணி என் ஒரே மகள். தை மாதம் கல்யாணம், நாசரேத் பக்கம் நல்ல இடம், மண்டபம் பேசி முடித்தாயிற்று. அவர் முடியாது என்று தலையை ஆட்டினார். அதுவரைக்கும் இதைச் சுமந்துகொண்டு தூங்க முடியாது என்றார். எனக்குக் கோபம் வரவில்லை, சார். பயம்தான் வந்தது. மான் கேசில் உள்ளே போனவன் மகள் என்று தெரிந்தால் சம்பந்தி வீட்டார் மறுநாளே கல்யாணம் வேண்டாமென்று ஆள் அனுப்பிவிடுவார்கள். நான் ஆயுசெல்லாம் குனிந்த தலையோடு கடையில் உட்கார்ந்திருக்க வேண்டும்.

அதனால் சரி என்றேன். கொம்பும் தோலும் நிலத்தில் ஓர் உடைமுள் மரத்தடியில் புதைந்திருக்கிறது, காலையில் போய் எடுத்துக்கொண்டு நேரே வனத்துறை ஆபீசுக்குப் போவோம், நாமாகக் கொண்டு கொடுத்தால் மதிப்பாக இருக்கும் என்றேன். அவருக்கு ஒரே சந்தோஷம். என் கையைப் பிடித்துக்கொண்டார். உண்மையில் அங்கே எதுவும் புதைந்திருக்கவில்லை. கொம்பெல்லாம் எப்போதோ கடலில் போட்டாயிற்று. அந்த வேலையை நான் தனியாகத்தான் செய்வேன், அவருக்குத் தெரியாது.

காலையில் நல்ல தூறல். அதிகாரிகள் முன்னால் போய் நிற்க வேண்டுமே என்று மாப்பிள்ளை தேய்த்த சட்டை போட்டு, கயிறு கட்டும் ஷூ போட்டு வந்திருந்தார். மாத்திரைப் பையைக் காரிலேயே வைத்துவிட்டு இறங்கினார். முள் வெட்ட அரிவாளை நான் எடுத்துக்கொண்டேன். அவரை முன்னால் நடக்கவிட்டு, இன்னும் உள்ளே, இன்னும் கொஞ்சம் உள்ளே என்று சொல்லிக்கொண்டே போனேன். பாதி நிலம் தாண்டியதும் எந்த மரம் என்று கேட்கத் திரும்பினார்.

நான் செருப்பைக் கழற்றியிருந்தேன். கையில் பனைமட்டை இருந்தது. எத்தனையோ மழைக்கு என்னோடு வந்தவர், அவருக்கு விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. கொஞ்ச நேரம் என் காலையே பார்த்தார். பிறகு வண்டிப்பாதையைப் பார்த்து நடக்க ஆரம்பித்தார். நான் அந்தப் பக்கமாகப் போய் நின்றேன்.

"வழிய விடுங்க மச்சான்," என்றார்.

அவர் வேறு பக்கம் திரும்பி ஓடினார். அந்த ஷூவோடு எவ்வளவு தூரம் ஓட முடியும்? விழுந்தார், எழுந்தார். ஒரு ஷூ மண்ணில் மாட்டிக் கழன்றுவிட்டது. அதை எடுக்கத் திரும்பி வந்தார், சார். ஏன் வந்தார் என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை. விட்டுவிட்டுப் போயிருக்கலாம். அரிவாளை நான் ஓங்கவே இல்லை. அவர் பாதைப் பக்கம் வரும்போதெல்லாம் நானும் அந்தப் பக்கம் வந்தேன், அவ்வளவுதான். கடைசியில் நின்றார். அப்புறம் உட்கார்ந்தார். நெஞ்சில் ஒரு கை இருந்தது.

மழையில் நிலம் பார்க்க வந்த இடத்தில் இருதயம் நின்றுவிட்டது என்றேன். டாக்டரும் இருதயம்தான் என்று சொல்லிவிட்டார். எல்லாரும் நம்பினார்கள். எனக்கே பாதி நம்பிக்கை வந்துவிட்டது. பிறகு இரண்டு நாள் வெயில் அடித்தது. ஈரத்தில் பதிந்த தடத்தைக் காய்ந்த கரிசல் அப்படியே பிடித்து வைத்துக்கொள்ளும், அதை நான் யோசிக்காமல் விட்டேன். விசாரணைக்கு வர வேண்டிய ஆள் அன்றைக்கே செத்துப்போனாரே என்று நீங்கள் போய்ப் பார்த்துவிட்டு வந்து கேட்டது நியாயமான கேள்வி. முன்னால் ஒருவர் விழுந்து விழுந்து ஓடியிருக்கிறார். பின்னால் வந்தவன் அவரைத் தூக்கப் போகாமல், வழியெல்லாம் நின்று நின்று காலை வழித்து மண்ணைப் போட்டிருக்கிறானே, ஏன் என்று கேட்டீர்கள். சத்தியமாகச் சொல்கிறேன், வழித்தது எனக்கு நினைவே இல்லை. ஈரக் கரிசலில் இறங்கிவிட்டால் கை தானாக அதைச் செய்யும்.

கடைசியில் அவர் என்ன சொன்னார் என்று செல்வலட்சுமி என்னிடம் கேட்டுக்கொண்டே இருக்கிறாள். உன் பேரைத்தான் சொன்னார் என்று சொல்லி வைத்திருக்கிறேன். அவளுக்கு அது ஆறுதலாக இருக்கிறது. உங்களிடம் பொய் எதற்கு? அவர் என்னைப் பார்த்துக் கையை நீட்டி, "தூக்கி விடுங்க மச்சான்," என்றார். எட்டிப் பிடிக்கிற தூரத்தில்தான் நின்றேன். கொஞ்சம் பொறுத்து மறுபடியும் அதையே சொன்னார். நான் நின்றுகொண்டிருந்தேன். அவர் கை இறங்குகிற வரைக்கும் நின்றுகொண்டிருந்தேன்.

நான்தான் கொன்றேன், அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் ஈவிரக்கம் இல்லாதவன் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள், சார். அவர் இன்னொரு தடவை கேட்டிருந்தால் கட்டாயம் கை கொடுத்திருப்பேன்.