கதவு கேட்ட கேள்வி

மாஜிதா: ஏலே ரிஃபாத்து, மணி பத்தரை ஆயிட்டு. ரெண்டு மணிக்கு திருவனந்தபுரத்துல பிளைட்டு எறங்கிரும். இப்பக் கெளம்புனாத்தான்...

ரிஃபாத்: கார் வாசல்லதான நிக்கு? டிரைவர் போவாரு.

மாஜிதா: இருவத்திநாலு வருசம் சவூதில கெடந்துட்டு மொத்தமா முடிச்சிட்டு வாற மனுசன... டிரைவர் அட்டையப் புடிச்சிக்கிட்டு நின்னு கூப்பிடணுமாக்கும்?

ரிஃபாத்: பேரப் பெருசா எழுதிக் குடுத்துருக்கேன். தெரியும்.

மாஜிதா: பெத்த வாப்பாலே!

ரிஃபாத்: அது இருக்கட்டும். இத ஏன் பரண்ல ஒன் கல்யாணச் சேலைக்கு அடியில வச்சிருந்த?

மாஜிதா: எத?

ரிஃபாத்: வீடியோ கேம். கொட புடிச்சிட்டு நரி மலை மலையாத் தாண்டிப் போவும்லா, அந்த ஜப்பான் கேமு. டி.வி.ல மாட்டிட்டேன், ஓடுது.

மாஜிதா: வீட்ட ஒதுங்க வைடான்னா, நீ...

ரிஃபாத்: நெட்டு பூரா தேடிட்டேன், இதப் பத்தி ஒரு வரி கெடையாது. ஏழு வயசுப் பயலுக்கு, ஒரு எழுத்து புரியாத கேம அனுப்பி வச்சவுகதான ஒன் மாப்ள.

மாஜிதா: ஆசையா வாங்குனாக.

ரிஃபாத்: ஆசை! பக்கத்து வீட்டு ஷமீம் பானு அக்கா பிள்ளையள்லாம் சவூதிலதான படிச்சுது. நம்மள ஒரு தடவ, ஒரே ஒரு தடவ வாங்கன்னு கூப்பிட்டிருப்பாகளா?

மாஜிதா: சட்டைய மாத்துலே. நேரமாவுது.

ரிஃபாத்: இரு... இங்க ரெண்டு பேர் வெளையாடுனது சேவ் ஆயிருக்கு. ஒண்ணு நான், மூணாவது மலையோட சரி. இன்னொண்ணு எட்டாவது மலைல நிக்கு. யாரு இது?

மாஜிதா: ஒங்க வாப்பாவா இருக்கும்.

ரிஃபாத்: ரெண்டு வருசத்துக்கு ஒருக்க ரெண்டு மாசம் வாறவுகளா? அவுகளுக்கு ரிமோட்டே அமுக்கத் தெரியாது.

மாஜிதா: அப்ப ஜின்னு வந்து வெளையாடிருக்கும்.

ரிஃபாத்: ஜின்னு நல்லாத்தான் வெளையாடிருக்கு... அய்ய, முள்ளுல விழுந்துட்டேன். மறுபடியும்...

மாஜிதா: கொடைய இப்ப விரிக்காத. காத்து வரட்டும்... ம், இப்ப!

ரிஃபாத்: ...உம்மா?

மாஜிதா: என்ன?

ரிஃபாத்: நீயா?

மாஜிதா: நீ பள்ளியோடம் போயிருவ. வெளிய சாரலு நசநசன்னு கெடக்கும். வீடு வெறிச்சுன்னு... என்னதான் செய்ய?

ரிஃபாத்: கல்லுளிமங்கி! எங்கிட்ட மூச்சு விடலியே. இந்தா, புடி.

மாஜிதா: வேண்டாம்... சரி, கொண்டா.

ரிஃபாத்: யாத்தே! வெரலு ஒண்ணையும் மறக்கல. இதான் கடைசிக் கதவா?

மாஜிதா: ம். இங்கன வந்தா என்னமோ கேக்கும். மேல ஒரு பதிலு, கீழ ஒரு பதிலு. நான் கீழ உள்ளத அமுக்குவேன். நரி மலையடிவாரத்துக்கே போயிரும்.

ரிஃபாத்: மேல உள்ளத அமுக்க வேண்டியதான?

மாஜிதா: வாசிக்கத் தெரியாத கேள்விக்கு எப்படிலே சரிங்கது? உள்ள என்ன இருக்கோ... பயம். அடிவாரம்னா தெரிஞ்ச எடம்லா.

ரிஃபாத்: எத்தன நாளா அப்படி?

மாஜிதா: நாலு வருசம்.

ரிஃபாத்: நாலு வருசமா! இரு, செல்போனக் காட்டுனா வாசிச்சுத் தமிழ்ல சொல்லிரும். ம்... 'இந்தக் கதவைத் தாண்டினால் இங்கே திரும்ப முடியாது. வருகிறாயா?' மேல 'வருகிறேன்.' கீழ 'இல்லை.' இம்புட்டுத்தான். இதுக்கா... ஏன் உம்மா அழுவுத? ஒரு நரிக்கா?

மாஜிதா: கடைசில உள்ளத இன்னொருக்க வாசி.

ரிஃபாத்: 'வருகிறாயா?'

மாஜிதா: இதேதான்... இதேதான் கேட்டாக.

ரிஃபாத்: யாரு?

மாஜிதா: ஒங்க வாப்பா. குடும்ப விசா கையில இருக்கு, பிள்ளையக் கூட்டிக்கிட்டு வாறியான்னு. மூணு தடவ கேட்டாக, ரிஃபாத்து. மூணு தடவையும் நான்தான் கீழ உள்ளத அமுக்குனேன். தெரியாத ஊரு, தெரியாத பாச... எனக்குப் பயமா இருந்துச்சு. வேற ஒண்ணும் இல்ல.

ரிஃபாத்: நான் அவுகள எவ்வளவு ஏசிருக்கேன்... நீ பக்கத்துலயே இருந்து கேட்டுக்கிட்டுத்தான இருந்த?

மாஜிதா: இருந்தேன்.

ரிஃபாத்: டிரைவர நிக்கச் சொல்லு. சட்டைய மாத்திட்டு வாரேன்... உம்மா, ஆறு மாசமா அவுக போன் போட்டும் நான் எடுக்கல. மெசேஜு போட்டாவது ஏன் அவுக இத ஒரு வார்த்த சொல்லல?

மாஜிதா: சொல்லாதீங்கன்னு கெஞ்சுனது நான். அதுக்கு அவுக... 'சரி, கோவம் எம்மேலயே இருக்கட்டும். அவன் பக்கத்துல இருக்கது நீ ஒருத்திதான, ஒன்னையும் வெறுத்துட்டா பிள்ளைக்கு யாரு இருக்கா'ன்னாக.