அம்மன் முன்னால் வைத்த தோட்டா

பித்தளைத் தோட்டாவைப் புளி போட்டுத்தான் துலக்க வேண்டும், மேடம். சாம்பல் போட்டால் கீறல் விழும். புளியும் உப்புமாகத் தேய்த்து, வெந்நீரில் அலசி, முறத்தில் பரப்பி வெயிலில் வைத்தால் குத்துவிளக்கு மாதிரி மின்னும். கடையில் விற்கிற அட்டைத் தோட்டா ஒரு தடவை சுட்டால் குப்பைக்குத்தான் போகும். பித்தளை அப்படியில்லை. சுட்டு வந்ததைக் கழுவி, மறுபடி வெடிமருந்தும் ரவையும் அடைத்துக் கொடுத்துக்கொண்டே இருக்கலாம். என் மாமியார் காலத்துத் தோட்டாக்கள் இன்னும் என்னிடம் இருக்கின்றன.

துப்பாக்கி என் வீட்டுக்காரர் உக்கிரபாண்டி பேரில் இருக்கிறது. மக்காச்சோளத்தைப் பன்றி அழிக்கிறது என்று சொல்லி வாங்கிய லைசென்ஸ். முயலும் அடித்திருக்கிறோம். அதற்குத் தனியாகக் கேஸ் போடுவதென்றால் போட்டுக்கொள்ளுங்கள். எங்கள் வீட்டில் சுடுவது ஆண்கள் வேலை, தோட்டா அடைப்பது பெண்கள் வேலை. சிவகாசிப் பிரஸ்ஸில் வீணாகிற காலண்டர் அட்டையை வாங்கி வந்து, மருந்துக்கு மேலே வைக்கிற வில்லையை நான்தான் வெட்டுவேன். சாமி முகம் இருக்கிற இடத்தில் வெட்ட மாட்டேன். வில்லை வைத்து மெழுகால் மூடிவிட்டால் மழையில் நனைந்தாலும் என் தோட்டா பேசும். ஒன்றுகூடப் பொய்த்ததில்லை.

இப்போது எங்கள் ஊர் ஆமத்தூர் முழுக்க, பாண்டிலட்சுமிக்குக் கை தவறிவிட்டது என்கிறார்கள். நீங்களோ, சம்பந்தி சங்கிலிமுத்து கொடுத்த மருந்துதான் கெட்ட மருந்து என்று அவரைப் பிடித்து உள்ளே வைத்திருக்கிறீர்கள். இரண்டும் தப்பு. அவர் கொடுத்த மருந்து எங்கள் தொழுவத்துப் பரணில் கட்டுப் பிரிக்காமல் அப்படியே இருக்கிறது. ஆள் அனுப்பி எடுத்துப் பாருங்கள். என் கையும் தவறவில்லை.

சிவபாண்டி எனக்கு ஒரே பிள்ளை. அவன் சின்னவனாக இருந்தபோது காலித் தோட்டா ஒன்றை அரைஞாண் கயிற்றில் கட்டிவிட்டிருந்தேன். வாயருகே வைத்து ஊதினால் விசில் மாதிரி சத்தம் வரும். ஆளுயரச் சோளத்துக்குள் எங்கே போனாலும், நான் இன்னொன்றை ஊதுவேன், அவன் பதிலுக்கு ஊதுவான். இருவருக்கும் நடுவில் எவ்வளவு தூரம் என்று எனக்குத் தெரிந்துவிடும். என்னுடைய தோட்டா இன்னமும் என் இடுப்பில்தான் இருக்கிறது.

வளர்ந்து சிவகாசியில் ஒரு பிரஸ்ஸில் மிஷின் ஓட்டப் போனான். அங்கே லேபிள் அடுக்குகிற பானுப்பிரியாவை விரும்பினான். பட்டாசுக்குப் பேர்போன எம். புதுப்பட்டிப் பெண், சங்கிலிமுத்து மகள். சாதி பார்த்தேன் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள், மேடம். பங்காளிகள் அத்தனை பேரும் எதிர்த்து நின்றபோது, என் சங்கிலியை அழித்துத் தாலி செய்தவள் நான். வந்த புதிதில், நான் தோட்டா அடைக்கும்போது அவள் பக்கத்தில் வந்து உட்காருவாள். “எங்கூர்ல பட்டாசுச் சரம் பின்னுற மாதிரியில்ல இருக்கு அத்தை உங்க வேலை” என்று சிரிப்பாள். தலை பின்னிவிட்டு, பூ வைத்துவிட்டு, என் மகளாகத்தான் வைத்திருந்தேன். மகன் வீட்டில் இருப்பதற்கு ஒரு மருமகள் வேண்டும். அதில் எனக்குக் குழப்பமே இருந்ததில்லை.

ஐப்பசியில் ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டே சொன்னான். “யம்மா, எங்க பிரஸ்ஸு எழில் அண்ணன் கோயம்புத்தூர்ல தனியா பிரஸ் போடுறாக. மிஷின் பூராம் என் பொறுப்பு. கார்த்திகை முடியவும் நானும் இவளும் கிளம்பிருவோம்.”

“ஏலே, சிவகாசியில இல்லாத பிரஸ்ஸா அங்கன இருக்கு?”

“இங்கன நான் பாண்டிலட்சுமி மகன். அங்கன போனா நான் யாருன்னு தெரியும்லம்மா” என்று என் கன்னத்தைக் கிள்ளினான். அவனுக்கு அது விளையாட்டு.

நான் அவளைத் தனியாகக் கூப்பிட்டு, “நீ சொன்னாக் கேப்பாம்மா, இருக்கச் சொல்லு” என்றேன்.

“நான் சொல்லியா கிளம்புறாக? நான் பொங்கல் கழிச்சுப் போவோம்னேன். அவுகதான் அத்தை அவசரப்படுறாக” என்றாள்.

பொய். பெற்றவளுக்குத் தெரியாதா?

எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. கார்த்திகையில் சோளம் கதிர் பிடிக்கிற சமயத்தில், வேட்டைக்குப் போவதற்கு முன்னால் முதல் வெடி போடுவோம். வீட்டுக்குப் பெரியவள் அடைத்த தோட்டா ஒன்றை இருக்கன்குடி மாரியம்மன் படத்துக்கு முன்னால் வைத்துக் குங்குமம் இடுவோம். அதை வீட்டு மகன் மட்டும்தான் தொடலாம். வரப்பில் நின்று, தோளில் வைக்காமல், துப்பாக்கியைத் தள்ளிப் பிடித்து, முகத்தை ஒதுக்கிக்கொண்டு வானத்தைப் பார்த்துச் சுட வேண்டும். முதல் வெடி எந்த உயிர் மேலும் படக்கூடாது. எத்தனை தலைமுறையாகவோ இப்படித்தான்.

அந்த ஒரு தோட்டாவை மட்டும் நான் வேறு மருந்தால் அடைத்தேன். என்ன மருந்து, யார் கொடுத்தது என்று கேட்காதீர்கள், சொல்ல மாட்டேன். பட்டாசுக்கு ஆகிற மருந்து துப்பாக்கிக்கு ஆகாது என்பது இந்தப் பக்கத்தில் தவழுகிற பிள்ளைக்கும் தெரியும். குழல் வெடித்தாலும், தள்ளிப் பிடித்துச் சுடுகிற வழக்கம் இருப்பதால் கைதான் போகும். ஒரு கை. அதற்கு மேல் நான் ஆசைப்படவில்லை. ஒற்றைக் கையனுக்கு எந்த ஊர்ப் பிரஸ்ஸிலும் மிஷின் கொடுக்க மாட்டார்கள். வீட்டில் நிலம் இருக்கிறது, சோறு இருக்கிறது, நான் இருக்கிறேன். ஒரு கை இல்லாமல் எத்தனை பேர் நம் பட்டாசு ஊர்களில் பிள்ளை குட்டியோடு வாழவில்லை?

காலையில் என் காலைத் தொட்டுக் கும்பிட்டான். “நல்லா இருய்யா” என்றேன். மனசாரத்தான் சொன்னேன்.

வரப்பில் எல்லாம் முறைப்படிதான் நடந்தது. துப்பாக்கியைத் தள்ளிப் பிடித்து நின்றான். அப்போதுதான் பானுப்பிரியா வாயைத் திறந்தாள். “வானத்தச் சுட்டா வானமா விழப்போகுது? அங்கன பாருங்க, முயலு. எங்க, உங்க சாமர்த்தியத்தப் பாப்போம்.”

பொண்டாட்டி கேலி செய்தால் எந்த ஆம்பிளை சும்மா இருப்பான்? சட்டென்று தோளில் வைத்துக் கன்னத்தைச் சாய்த்துக் குறி பார்த்தான். “ஏலே, வேணாம்லே” என்று கத்திக்கொண்டு ஓடினேன். என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தான். பிறகு சுட்டான்.

மதுரை ஆஸ்பத்திரியில் டாக்டர், இடது கையில் கட்டைவிரலைத் தவிர மற்றது போய்விட்டது என்றார், இரண்டு கண்ணும் போய்விட்டது என்றார். காதுக்கு ஒன்றுமில்லை, நன்றாகக் கேட்கிறது என்றார். கையை எடுத்தது நான், ஒத்துக்கொள்கிறேன். கண்ணை எடுத்தது அவள். அதையும் வரி விடாமல் எழுதுங்கள்.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு வீடு நன்றாக இருந்தது, மேடம். குளிப்பாட்டி, தலை துவட்டி, ரசஞ்சாதத்தைப் பிசைந்து உருட்டி ஊட்டுவேன். யார் ஊட்ட வந்தாலும், “அம்மா எங்கன?” என்று கேட்பான். அதைக் கேட்க நான் எவ்வளவு காலம் காத்திருந்தேன் தெரியுமா?

சங்கிலிமுத்துவை நீங்கள் பிடித்துப் போனபோது நான் ஒன்றும் சொல்லவில்லை. அவர் போனால் அவளும் அப்பன் வீட்டோடு போய்விடுவாள் என்று நினைத்தேன். அவள் போகவில்லை. அவன் சாப்பிட்டுக்கொண்டிருக்கையில் எதிரே வந்து நின்றாள்.

“அத்தை, அன்னைக்கு வந்த புகை நம்ம தோட்டாப் புகை இல்ல. நான் அந்த வாசத்துலயே பொறந்து வளந்தவ. எங்கய்யா கொடுத்தது பரண்ல கட்டு மாறாம இருக்கு, பாத்துட்டேன். நீங்க சொல்றீகளா, நான் சொல்லவா?”

அவன் மெல்லுவதை நிறுத்தினான். “நீயாம்மா?” என்றான்.

“உனக்காகத்தான்யா” என்றேன்.

வாயிலிருந்த சோற்றை உள்ளங்கையில் துப்பி, தட்டைத் துழாவி அதில் வைத்தான். “நீயே போய்ச் சொல்லி மாமாவ வெளிய விடச் சொல்லு. அதுக்குப் பெறகு பேசிக்கிடுவோம்.”

பேசுவோம் என்றான், மேடம். என் பிள்ளை சொன்னால் செய்வான். அதனால்தான் நானாக நடந்து வந்து சொல்கிறேன். மறுபடி அந்தக் கார்த்திகை வந்தாலும் இதையேதான் செய்வேன். என்ன, அவளை வரப்புக்கு வரவிட மாட்டேன். எத்தனை வருஷம் போட்டாலும் போடுங்கள். சங்கிலிமுத்துவை விட்டுவிட்டு, என் மகனை ஒரு தடவை இங்கே வரச் சொல்லுங்கள்.

அவனுக்குச் சொல்லி அனுப்ப விலாசம் என்னிடம் இல்லை. இன்று விடியற்காலை அவள் தோளைப் பிடித்துக்கொண்டு கிளம்பிவிட்டான். நான் கூப்பிடவில்லை. வாசலில் நின்று இடுப்புத் தோட்டாவை எடுத்து ஊதினேன். அவள் நின்று திரும்பிப் பார்த்தாள். அவன் அவள் தோளைத் தட்டி, முன்னைவிட வேகமாக நடந்தான். பஸ் ஏறுகிற வரைக்கும் ஊதிக்கொண்டேதான் இருந்தேன்.

வெடித்த வெடியில் பிள்ளைக்குக் காதும் போயிருக்கிறது, மேடம். டாக்டர் சரியாகப் பார்க்கவில்லை.