நாலு பாட்டுக்கு ஒரு தடவை

— மீட்டர் பாட்டுக்கு ஓடிக்கிட்டே இருக்கும்மா. ஆளும் வரல, வண்டியும் நகரல. யாரை ஏத்தணும்னாவது சொல்லு.

— எங்க அக்காவை, அண்ணே. அதோ மேல, பச்சை ஜன்னல் வீடு.

— பாட்டு அலறுதே, அந்த வீடா?

— ஆமா.

— கொண்டாட்டமா இருக்காங்க போல. போய்க் கூப்பிட்டுட்டு வாயேன். கீழ ஒரு டாக்ஸிக்காரன் வெயில்ல வேகுறான்னு சொல்லு.

— இப்போ கூப்பிட முடியாது. பாட்டு நிக்கணும்.

— பாட்டு முடிஞ்சாத்தான் இறங்குவாங்களா? நல்ல ரசிகைதான், என்னமோ போ.

— கிண்டல் பண்ணாதீங்கண்ணே. அந்தப் பாட்டு ஓடுதுன்னா உள்ள அடி விழுதுன்னு அர்த்தம்.

— என்ன சொன்ன?

— அத்தான் அடிப்பாரு. அதுக்கு முன்னாடி கம்ப்யூட்டர்ல சிடியைப் போட்டு சவுண்டை முழுசா திருப்பிடுவாரு. அக்கா கத்தினா பக்கத்து வீட்டுக்குக் கேக்கக் கூடாதுல்ல. சிடியை அவ துணியிலயே நல்லாத் துடைப்பாரு. வாட்சைக் கழட்டி அலமாரியில வைப்பாரு. அப்புறம்தான் ஆரம்பிப்பாரு.

— கம்ப்யூட்டர்ல எதும்மா பாட்டு? அதுல கணக்குதானே போடுவாங்க.

— இப்போ வர்ற கம்ப்யூட்டர்ல சிடியும் ஓடும். நான் கம்ப்யூட்டர் கடையிலதான் வேலை பாக்குறேன். பாட்டு போடுற ப்ரோக்ராமை ஃப்ளாப்பியில கொண்டுவந்து ஏத்திக் குடுத்ததே நான்தான். அக்காவுக்குப் பாட்டுன்னா உசுரு. இந்த சிடிகூட அவ பிறந்தநாளுக்கு அத்தானே வாங்கிக் குடுத்தது.

— கிழிஞ்சது போ.

— ஆனா அந்த ப்ரோக்ராம்தான் இன்னைக்கு அவளைக் காப்பாத்தணும். அது ஷேர்வேர்ண்ணே. முதல்ல சும்மா குடுப்பாங்க. பிடிச்சிருந்தா எழுதினவனுக்குக் காசு அனுப்பணும். அனுப்பாத வரைக்கும் நாலு பாட்டுக்கு ஒரு தடவை தானா நின்னுடும். 'இன்னும் காசு கட்டலையே, தொடரணும்னா ஏதாவது ஒரு கீயை அமுக்குங்க'ன்னு திரையில ஒரு கட்டம் வரும். யாராவது போய் அமுக்குற வரைக்கும் மூச்சு விடாது.

— உங்க அத்தான் காசு கட்டலையாக்கும்.

— அவரா? ஓசியில வந்தா பினாயிலைக்கூட விட மாட்டாரு.

— சரி, நின்னா என்ன?

— கம்ப்யூட்டர் பின் ரூம்ல இருக்கு. அவர் அடிக்கிறது சமையல்கட்டுல. பாட்டு நின்னதும் அவருக்கு பயம் வந்துடும். மேல்மாடியில நடக்குற சத்தமே கீழ கேக்குதுன்னா, இவ அழுறது அங்க கேக்காதா? கையை இறக்கிட்டு, கீயை அமுக்கப் பின் ரூமுக்குப் போவாரு. அவர் போற நேரத்துல இவ தாழ்ப்பாளைத் திறந்துக்கிட்டு ஓடி வந்துடணும். அதான் ஏற்பாடு.

— அவன் வெளியில போனப்புறம் வர்றதுக்கென்ன?

— வெளியில போனா பூட்டிட்டு சாவியை எடுத்துக்கிட்டுப் போவாரு. இரும்புக் கதவு. உடைக்கலாம்னா வாட்ச்மேன் அவர் ஆளு. வீட்டுல இருந்தா வாசலை மறிச்சு நாற்காலி போட்டு உக்காந்திருப்பாரு. சிடி போடப் போகும்போதுகூட அவ முடியைப் பிடிச்சு இழுத்துக்கிட்டுத்தான் போவாரு. பாட்டு நடுவுல நிக்கும்போது மட்டும்தான் தனியா போவாரு. அவ எந்திரிக்க மாட்டான்னு ஒரு நம்பிக்கை.

— இன்னைக்கு அடிப்பான்னு உனக்கு எப்படித் தெரியும்?

— அக்காதான் கடைக்கு ஃபோன் பண்ணிச் சொன்னா. 'மத்தியானம் அவர் சட்டையைத் தேய்க்காம வைக்கப் போறேன், கண்டிப்பா ஆரம்பிப்பாரு, நீ வண்டியோட கீழ நில்லு'ன்னு.

— அடி வாங்கிக்கிறதுக்கு நேரம் குறிச்சுக் குடுத்தாளா? கடவுளே.

— வேற வழியில்ல.

— போலீஸுக்குப் போறதுதானே?

— போலீஸ் வந்தாங்களே. பாட்டுச் சத்தம் தாங்கலைன்னு மேல்மாடி வீட்டுக்காரர் சொல்லி. 'கொஞ்சம் குறைச்சு வைங்க சார்'னுட்டு, 'நல்ல பாட்டு, யார் பாடினது?'ன்னு கேட்டுட்டுப் போனாங்க. அவங்க படி இறங்குறதுக்குள்ள அக்கா விரலை முறிச்சாரு.

— தூ!

— அண்ணே, இது மூணாவது பாட்டுதானே? பேச்சுல விட்டுட்டேனா?

— மூணுதான். அது என்னம்மா, நடுநடுவுல தொம் தொம்முன்னு? மேளமா?

— இந்தப் பாட்டுல மேளம் கிடையாது.

— எறங்கு. டிக்கியில ஜாக்கி ராடு இருக்கு. நான் போறேன்.

— வேணாம்ணே! கதவை விடுங்க. ஒரு தடவை நான் நடுவுல போய்த் தட்டினேன். சிரிச்சுக்கிட்டே திறந்தாரு. 'வாம்மா'ன்னு உக்கார வச்சுத் தண்ணி குடுத்தாரு. நான் கிளம்பினப்புறம் அதுக்கும் சேர்த்து அவ வாங்கினா. எங்கிட்ட சத்தியம் வாங்கியிருக்கா. பாட்டு ஓடும்போது மேல வரவே கூடாதுன்னு.

— எப்படிம்மா உக்காந்து கேட்டுக்கிட்டு இருக்க?

— கேக்கல. எண்ணிக்கிட்டு இருக்கேன்.

— என் பொண்ணைக் கட்டிக் குடுத்திருக்கேன். மாப்பிள்ளை ரேடியோவை எப்பவும் சத்தமா வைப்பான். நான் போனா வாசல்லயே கேக்கும். சின்னப் பையன், ஆசைக்கு வைக்கிறான்னு நினைச்சேன்.

— எல்லாரும் அப்படி இருக்க மாட்டாங்கண்ணே.

— இருக்க மாட்டாங்கதான். இன்னைக்கே போய்ப் பாத்துடுறேன்.

— நாலாவது முடியப் போகுது. வண்டியை ஸ்டார்ட் பண்ணுங்க.

— பண்ணிட்டேன். இந்தா, பின்கதவையும் திறந்து வச்சுட்டேன்.

— நின்னுடுச்சு!

— ஷ்ஷ். படியைப் பாரு.

— செருப்பு போடாமத்தான் வருவா. காலடி கேக்காது.

— வரலையேம்மா.

— வருவா. அக்கா, வா. வா அக்கா. எந்திரி.

— என்னமோ விழுந்துச்சு. நல்ல கனமா.

— அவளைத் தள்ளிட்டாரோ?

— இப்போ கேட்டியா? யாரோ கத்தினாங்க.

— கேட்டுச்சு. இன்னும் கத்துறாங்கண்ணே.

— பாட்டு! பாட்டு வந்துடுச்சும்மா.

— அமுக்கிட்டாரு. ஐயோ, போய் அமுக்கிட்டாரு. அவளால எந்திரிக்க முடியலண்ணே!

— சத்தியமும் வேணாம், ஒரு மண்ணாங்கட்டியும் வேணாம். ராடை எடு. நீ என் பின்னாடியே வா, முன்னாடி போகாத.

— அண்ணே, நில்லுங்க. படியில யாரோ. அக்கா! அக்கா!

— கத்தாதடி. வண்டி இதுதானா?

— முகமெல்லாம் என்னக்கா இது? கண்ணே தெரியல. துணியெல்லாம் ரத்தம்.

— என்னோடதும் இருக்கு.

— ஏறும்மா, ஏறு. பின் சீட்டுல சாஞ்சுக்க. நேரா ஆஸ்பத்திரிக்கு விடுறேன், பறந்துடுறேன் பாரு.

— பறக்க வேணாம் டிரைவர். மெதுவாவே போங்க.

— மெதுவாவா? அத்தான் பின்னாடியே இறங்கி வருவாரு அக்கா!

— வர மாட்டாரு. அடுத்த நாலு பாட்டுக்கு அந்த வீட்டுக் கதவை யாரும் தட்டவும் மாட்டாங்க.

— கையில என்ன? ஏன் அயர்ன் பாக்ஸைத் தூக்கிட்டு வந்திருக்க?

— கையிலயா இருக்கு? நான் கவனிக்கவே இல்ல.

— அக்கா, என்னைப் பாரு. பாட்டு நின்னுச்சு, திரும்ப வந்துச்சு. அத்தான்தானே அமுக்கினாரு?

— அமுக்கத்தான் குனிஞ்சாரு. அமுக்கினது நான்டி. அவர் கத்துறது வெளியில கேட்டுச்சு.