மணிச் சத்தத்தை நம்பி வந்தவர்கள்

மணி அடிக்கிறது. டங் டங் டங். விடாமல் அடிக்கிறது. காட்டுக்குள் ஒளிந்திருந்தவர்கள் திரும்பி வருகிறார்கள். இடுப்பளவு சேற்றில் வருகிறார்கள். தலையில் பாய். கக்கத்தில் கோழி. இடுப்பில் பிள்ளை. மேலே எங்கோ ஹெலிகாப்டர். அந்தச் சத்தம் காதில் கேட்கவில்லை, அடிவயிற்றில் கேட்கிறது. மணி அடிப்பவர் என் புருஷன் டாரி.

"வாங்க! ஸ்கூலுக்கு வாங்க! படகு வருது!" தன் பாஷையில் கத்துகிறார். தொண்டை கிழியக் கத்துகிறார்.

நான் ஸ்டெல்லா. மைசூர்த் தமிழச்சி. நர்ஸ். நைஜீரியாவில், ஆறு கடலோடு கலக்கிற சதுப்பில் இருந்த ஒரு ஊருக்கு மருமகளாகப் போனவள். அந்த ஊர் இப்போது இல்லை. டாரி இஜோ இனத்துக்காரர். அந்த ஊர்ப் பள்ளிக்கூடத்தில் வாத்தியார். சம்பளம் மாசக்கணக்கில் வராது. பிள்ளைகளின் வீட்டிலிருந்து மீன் வரும். மீனை வைத்து எத்தனை நாள் காலத்தை ஓட்டுவது? பி.காம். படிக்க மைசூருக்கு வந்தார். டைஃபாய்டில் விழுந்தார். என் வார்டில்தான் படுத்திருந்தார். அப்புறம் என்ன, கல்யாணம்தான். எங்கம்மா ஒரு வருஷம் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. பிறகு அவருக்கென்றே காரம் தூக்கலாக மீன் குழம்பு வைத்தாள்.

படிப்பு முடிந்து அவர் ஊருக்கே போனோம். எண்ணெய்க் குழாய் பதிக்கிற ஒரு காண்ட்ராக்ட் கம்பெனியில் அக்கவுண்டன்ட் ஆனார். ஊருக்கு அதெல்லாம் கணக்கே இல்லை. சின்னது பெரியது எல்லாம் அவரை டீச்சர் என்றுதான் கூப்பிட்டது. பள்ளிக்கூட மணியும் அவர் பொறுப்பில்தான் இருந்தது. மணி என்றால் வெண்கலம் இல்லை. எண்ணெய்க் குழாயில் வெட்டிய ஒரு துண்டு. வாசல் மரத்தில் கம்பியில் தொங்கும். நிறுத்தி நிறுத்தி அடித்தால் பாடம். விடாமல் அடித்தால், கையில் இருப்பதைப் போட்டுவிட்டு வா என்று அர்த்தம். ஒரு தடவை வெள்ளம் வந்தபோது அப்படி அடித்தார். ஊரே பிழைத்தது. அன்றிலிருந்து அந்த மணிக்கு மறுபேச்சு கிடையாது.

கம்பெனி மேனேஜர் நம்மூர்க்காரன். மைசூரில் எங்களுக்குப் பக்கத்துத் தெரு. எங்கள் சர்ச். பெயரை எழுத மாட்டேன். எழுதினால் கையைக் கழுவ வேண்டியிருக்கும். என்னை அக்கா என்பான். ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டில்தான் சாப்பாடு. டாரியின் தங்கை எபியெரே அவனுக்காகவே இறால் சுட்டுக் கொண்டுவருவாள். மூக்குப் பிடிக்கத் தின்பான். போகும்போது பொட்டலமும் கட்டிக்கொண்டு போவான்.

அந்த வருஷம் அந்தப் பக்கத்துப் பையன்கள் துப்பாக்கி தூக்கினார்கள். எண்ணெய் எங்கள் மண்ணில், காசு மட்டும் யாருக்கோ என்று. அவர்களைத் தேடி ராணுவம் வந்தது. மழை பிடித்த வாரம். புதன்கிழமை. விடியும்போது ஆற்றுமுகத்தில் முதல் சத்தம். பெரிய தகரக் கதவை ஓங்கி அறைந்த மாதிரி. ஊர் காட்டுக்குள் ஓடியது. அலையாத்திக் காடு. வேருக்குள் புகுந்துவிட்டால் எவனாலும் கண்டுபிடிக்க முடியாது. டாரியும் நானும் நடக்க முடியாதவர்களைக் கொண்டுபோய் விட்டோம். எல்லோரும் பத்திரமாக இருந்தார்கள். இதை மறக்காதீர்கள். பத்திரமாக இருந்தார்கள்.

அப்போதுதான் மேனேஜர் டாரிக்கு போன் செய்தான். ராணுவத்திடம் பேசிவிட்டானாம். எல்லோரையும் பள்ளிக்கூடத்தில் சேர்க்க வேண்டுமாம். கூரையில் வெள்ளைத் துணி கட்ட வேண்டுமாம். கம்பெனியின் பெரிய சரக்குப் படகில் ஊரையே ஏற்றிக்கொள்வானாம். டாரி யோசித்தார். அவன் போனை என்னிடம் கொடுக்கச் சொன்னான்.

"அக்கா, டென்ஷன் பேடா. நான் இருக்கேன்ல?"

டென்ஷன் வேண்டாமாம். கன்னடம் கலந்த நம்மூர்ப் பேச்சு. அந்த நேரத்தில் அது காதில் தேன் மாதிரி விழுந்தது. நாசமாய்ப் போக.

டாரி மணி அடித்தார். ஊர் வந்தது. யாரும் ஏன் என்று கேட்கவில்லை. எபியெரே சர்ச்சுக்கு உடுத்துகிற வெள்ளைத் துணியைக் கூரையில் கட்டினாள். பிள்ளைகள் பெஞ்சில் உட்கார்ந்தன. பள்ளிக்கூடம் இல்லாத நாளில் பெஞ்சில் உட்கார்வது அவர்களுக்கு வேடிக்கையாக இருந்தது. சிரித்தார்கள்.

மத்தியானம். படகு தெரிகிறது. பிள்ளைகள் கை தட்டுகிறார்கள். மூட்டையை எல்லோரும் தலையில் ஏற்றுகிறார்கள். கிட்டே வருகிறது. தார்ப்பாய் போட்டு மூடியிருக்கிறது. காற்றில் தார்ப்பாய் தூக்குகிறது. அடியில் ஜெனரேட்டர். பம்ப். வெல்டிங் மிஷின். ஆள் உட்கார ஓர் அடி இடம் இல்லை. படகு வேகம் குறைக்கவில்லை. டாரி மரத்துக்கு ஓடுகிறார். மணி அடிக்கிறார். இதோ இருக்கிறோம், இதோ இருக்கிறோம் என்று அடிக்கிறார். மேனேஜர் மேல்தட்டில் நிற்கிறான். எங்களைப் பார்க்கிறான். கையைக் குவித்துத் தமிழில் கத்துகிறான்.

"அக்கா, அங்கேயே இருங்க! எங்கயும் போகாதீங்க! பின்னாடியே இன்னொண்ணு வருது!"

எல்லோரும் என் முகத்தைப் பார்த்தார்கள். அந்த பாஷை முழுசாகத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். சொன்னேன். மூட்டையை இறக்கி வைத்து மறுபடி உட்கார்ந்தார்கள்.

பின்னாடியே வந்தது. ராணுவத்தின் பீரங்கிப் படகு.

கம்பெனியில் இருந்த ஒருவர் பிற்பாடு சொன்னார். மேனேஜர் ராணுவத்தில் யாரிடமும் பேசவே இல்லை. ஜனம் படகுத்துறையில் வந்து நெருக்கினால் மிஷினை ஏற்ற முடியாது. அதற்காக ஊரை ஓரிடத்தில் உட்கார வைத்தான். அவன் கூப்பிட்டால் ஒரு நாய்கூட வந்திருக்காது. டாரியின் மணிக்கு வரும் என்று அவனுக்குத் தெரியும். எங்கள் வீட்டுச் சோற்றைத் தின்று தெரிந்துகொண்டது அதைத்தான்.

பீரங்கிப் படகுக்கு என்ன தெரியும்? கூட்டம் தெரிந்தது. பையன்கள் இங்கேதான் பதுங்கியிருக்கிறார்கள் என்று நினைத்திருப்பார்கள். ஒரு விசில் சத்தம். கூரை போனது. பிறகு சத்தமே இல்லை. வாய்கள் திறந்திருந்தன. எனக்குக் கேட்கவில்லை. டாரி என் தோளைப் பிடித்து உலுக்கினார். உதடு அசைந்ததைப் பார்த்துத்தான் புரிந்துகொண்டேன்.

"குதி! தண்ணியில குதி!"

பள்ளிக்கூடம் மரக்கால்கள் மேல் நின்றது. பலகைக்கு அடியில், கறுப்புத் தண்ணீரில், கழுத்தளவு நின்றோம். மேலே பலகை இடுக்கில் சொட்டியது. அன்றைக்கு மழை இன்னும் பிடிக்கவில்லை. சாயங்காலம் மழை பிடித்தபோதுதான் சுடுவது நின்றது.

இப்போது மைசூரில் இருக்கிறோம். டாரிக்கு இடது காது இல்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். அக்ரஹாரத்தில் ஒரு ஹார்டுவேர் கடையில் கணக்கு எழுதுகிறார். வீட்டுக்குப் பின்னால் ஒரு ஸ்கூல். லீவு நாளில் வீட்டில் இருந்தால், அங்கே மணி அடிக்கிற நேரத்துக்கு பாத்ரூமுக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொள்வார்.

போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் சர்ச் ஹாலில் மேனேஜருக்குப் பாராட்டு. வெளிநாட்டில் இருந்து நிரந்தரமாக ஊர் திரும்பிவிட்டானாம். தலையில் மைசூர் பேட்டாத் தலைப்பாகை, தோளில் சால்வை. மைக்கைப் பிடித்தான். வாய் கூசாமல் சொன்னான்.

"குண்டு மழைக்கு நடுவுல ஒரு ஊரையே காப்பாத்தினேன். ஒரு உயிர்கூடப் போகல."

ஹால் முழுக்கக் கைதட்டல். எழுந்தேன். டாரி என் கையைப் பிடித்து உட்கார வைத்தார். கூட்டம் முடிந்த பிறகு அவர் எழுந்தார். ஜனம் வெயிலுக்கு ஒதுங்கி வாசலிலும் மரத்தடியிலும் கலைந்திருந்தது. சாப்பாட்டு மேசையில் ஒரு கைமணி இருந்தது. மணிச் சத்தமே ஆகாத மனுஷன் அதைக் கையில் எடுத்தார். விடாமல் அடித்தார்.

எல்லோரும் வந்தார்கள். தட்டோடு வந்தார்கள். விளையாடிய பிள்ளைகள் ஓடி வந்தன. டாரி நிறுத்தினார்.

"வந்துட்டீங்க," என்றார். அவருடைய தமிழ் உடைசல் தமிழ். "ஏன்னு யாரும் கேக்கல. அவங்களும் கேக்கல."

பெயர் சொல்ல ஆரம்பித்தார். முதல் பெயர் எபியெரே. மேனேஜர் பேட்டாவைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டான். பின்வாசல் வழியாகக் காருக்குப் போனான். நாலைந்து பெயர் சொல்வதற்குள் கமிட்டி ஆள் ஒருத்தர் வந்து டாரியின் கையிலிருந்து மணியை மெல்ல வாங்கினார்.

"பிரதர், இதெல்லாம் ஆமேல, அப்புறமா பேசலாம். பிரியாணி ஆறிடும்."

எனக்கு ஞானஸ்நானம் கொடுத்த சர்ச். என்னைத் தூக்கி வளர்த்த ஜனம். வரிசையில் நின்றார்கள். தட்டை நீட்டினார்கள். ஒருத்தரும் மீதிப் பெயரைக் கேட்கவில்லை. அந்த ஆற்றில்கூட நான் இப்படி அழவில்லை.

அதனால் எழுதுகிறேன். அவன் கணக்கில் ஒரு உயிரும் போகவில்லை. என் கணக்கு இது.

எபியெரே. இறால் சுடுகிறவள். அவள் புருஷன் டிமி. படகு கட்டுபவர் ஓகோரோ. அவர் மனைவி. அவருடைய அம்மா, காட்டிலிருந்து மகன் முதுகில் வந்தவள். நான் பிரசவம் பார்த்த பிள்ளைகளில் ஏழு. முன்பெஞ்சு முழுதும். இரண்டாம் பெஞ்சில், ஓரத்தில் இருந்த பிரேயே என்ற பிள்ளை தவிர மற்றவர்கள். எனக்குப் பெயர் தெரியாதவர்கள், டாரிக்குப் பெயர் தெரிந்தவர்கள், இன்னும் இருபத்தாறு பேர். வீடுகள் எல்லாம். படகுகள் எல்லாம். டாரியின் இடது காது.

குழாய்த் துண்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. மரத்தில் அப்படியே தொங்கியது. பிழைத்தவர்கள் நாலா பக்கமும் போய்விட்டார்கள். போகும்போது டாரியை யாரும் திட்டவில்லை. அவர் பக்கம் திரும்பவும் இல்லை. டீச்சர் என்று அவரைக் கூப்பிட இன்றைக்கு உலகத்தில் ஒரு ஆள் இல்லை.